பெருந்தமனியில் ரத்த ஓட்டம்: எக்கோ ஒரு எண் சொல்கிறது, எம்.ஆர்.ஐ. வேறு எண் சொல்கிறது, ஏன்?

பெருந்தமனி வால்வில் கசிவு இருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். எக்கோ ரிப்போர்ட்டில் 'கடுமையான கசிவு' என்று இருக்கிறது. டாக்டர் உறுதி செய்துகொள்ள ஒரு கார்டியாக் எம்.ஆர்.ஐ. எழுதிக் கொடுக்கிறார், அதில் 'மிதமான கசிவு, 30 சதவீதம்' என்று வருகிறது, அதாவது முன்னே தள்ளிய ரத்தத்தில் 30 சதவீதம் திரும்பி வருகிறது. வீட்டில் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, இதில் எது தப்பு என்பதுதான். பெரும்பாலும் இரண்டுமே தப்பில்லை. இரண்டு கருவிகளும் ஒரே பொருளை அளக்கவில்லை, அவ்வளவுதான். இன்னும் சரியாகச் சொன்னால், ஆஸ்பத்திரியில் இருக்கும் எந்த ஸ்கேன் கருவியும் ரத்த ஓட்டத்தை நேரடியாக அளப்பதில்லை. எக்கோ ஒலியின் அதிர்வெண் எவ்வளவு மாறியது என்று அளக்கிறது, எம்.ஆர்.ஐ. ஹைட்ரஜன் அணுக்கருக்களின் சுழற்சி எவ்வளவு முன்னே பின்னே நகர்ந்தது என்று அளக்கிறது. அங்கிருந்து 'நிமிடத்துக்கு 5 லிட்டர்' என்ற எண்ணுக்கு வருவதற்குள் நடுவில் சில ஊகங்களைப் போட்டு நிரப்ப வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு முறைக்கும் அந்த ஊகங்கள் எங்கே நிற்கின்றன, எங்கே சரிகின்றன என்று தெரிந்தால் இரண்டு ரிப்போர்ட்டுகளையும் பக்கத்தில் வைத்துப் படிக்க முடியும்.

முதலில் அளக்கப்படும் பொருளைப் பற்றி. வளர்ந்த ஒருவரின் இடது கீழறை ஒரு துடிப்புக்கு ஏறக்குறைய 60 முதல் 100 மி.லி. ரத்தத்தைப் பெருந்தமனிக்குள் தள்ளுகிறது. அது துடிப்பு நேரம் முழுக்க சீராகப் போவதில்லை, ஓய்வில் இருக்கும்போது சுமார் மூன்றில் ஒரு பங்கு நேரத்துக்குள் மொத்தமும் போய்விடுகிறது. வால்வு நன்றாக இருந்தால் உச்ச வேகம் வினாடிக்கு 1 முதல் 1.5 மீட்டர், வால்வு சுருங்கியிருந்தால் அது 4, 5 மீட்டர் வரை ஏறும். குழாய் நேராகவும் இல்லை, மேலே ஏறி வளைந்து கீழே இறங்குகிறது. சுவர் விறைப்பாகவும் இல்லை, ஒவ்வொரு துடிப்புக்கும் விரிந்து சுருங்குகிறது. ஆகவே 'ஓட்டம் எவ்வளவு' என்ற ஒரே கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன: எவ்வளவு வேகம், எவ்வளவு கொள்ளளவு, எந்தத் திசையில். ஒரு முறை இதில் ஒன்றுக்கு நன்றாகப் பதில் சொல்லும், மற்றதில் தடுமாறும்.

எக்கோவிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் யாருக்கும் முதலில் எடுப்பது அதுதான், சிறு ஊர்களில்கூடக் கிடைப்பதும் அதுதான். இதன் அடிப்படையை கிறிஸ்டியன் டாப்ளர் 1842-இல் பிராக் நகரில் இரட்டை நட்சத்திரங்களின் நிறத்தைப் பற்றிப் பேசும்போது முன்வைத்தார். 1950-களில் ஒசாகாவில் ஷிகியோ சதோமுரா அதை அல்ட்ராசவுண்டோடு சேர்த்து இதயத்தின் அசைவுகளைக் கேட்கப் பயன்படுத்தினார். விஷயம் எளிமையானது. மார்பில் வைக்கும் ப்ரோப் என்ற கைக்கருவி அனுப்பும் ஒலி, ஓடும் சிவப்பணுக்களில் பட்டுத் திரும்பும்போது அதிர்வெண் கொஞ்சம் மாறுகிறது, அந்த மாற்றம் வேகத்துக்கு நேர் விகிதம். 2 மெகாஹெர்ட்ஸ் ஒலியை அனுப்பினால், வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ப்ரோப்பை நோக்கி வரும் ரத்தம் ஏறக்குறைய 2,600 ஹெர்ட்ஸ் மாற்றத்தைத் தரும். அது மனிதக் காதுக்குக் கேட்கும் அளவு. எக்கோ அறையில் 'ஷ்ஷ்... ஷ்ஷ்...' என்று வரும் சத்தம் அந்த அதிர்வெண் மாற்றம்தான், கருவி அதை அப்படியே ஸ்பீக்கரில் விடுகிறது.

இங்கே முதல் சிக்கல் கோணம். ப்ரோப்பிலிருந்து போகும் ஒலிக்கற்றையின் திசையில் இருக்கும் வேகத்தை மட்டுமே டாப்ளர் பார்க்கும், குறுக்கே ஓடுவது அதற்குத் தெரியவே தெரியாது. கற்றைக்கும் ரத்தத் தாரைக்கும் நடுவே 20 டிகிரி கோணம் இருந்தால் வேகம் 6 சதவீதம் குறைந்து தெரியும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். 30 டிகிரி ஆனால் 13 சதவீதம் குறையும், உண்மையில் வினாடிக்கு 4 மீட்டர் என்பது 3.5 என்று பதிவாகும். வால்வு சுருக்கத்தில் 4 மீட்டர் என்பதுதான் 'கடுமையானது' என்று சொல்லும் எல்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இதைப் பாருங்கள். இந்தத் தவறு பெரும்பாலும் ஒரே திசையில்தான் போகும், குறைத்துக் காட்டும்.

அதனால்தான் நல்ல எக்கோ ஆய்வகங்களில் வால்வு சுருக்கம் இருப்பவரை இடப்பக்கம் படுக்க வைத்துப் பார்த்ததோடு விடாமல், வலப்பக்கம் திருப்பிப் படுக்கச் சொல்லி, பேனா மாதிரி மெல்லிய ஒரு தனி ப்ரோப்பை மார்பெலும்பின் வலது ஓரத்தில் வைத்துத் தேடுகிறார்கள். அந்த ப்ரோப்பில் படமே வராது, அலைவரிசைக் கோடும் சத்தமும் மட்டும்தான். எடுப்பவர் கையை மில்லிமீட்டர் கணக்கில் சாய்த்துச் சாய்த்து, சத்தம் கூர்மையாக ஏறும் இடத்தைக் காதால் பிடிக்கிறார். இடப்பக்கத்திலிருந்து 3.6 என்று வந்தது இங்கிருந்து 4.2 என்று வருவது அபூர்வமே இல்லை. ரிப்போர்ட்டில் 'வலது மார்பெலும்பு ஓரத்திலிருந்து' என்ற வரி இருந்தால், எடுத்தவர் மெனக்கெட்டிருக்கிறார் என்று அர்த்தம்.

வேகம் சரியாகக் கிடைத்துவிட்டால், வால்வின் இரண்டு பக்கத்துக்கும் இடையே உள்ள அழுத்த வேறுபாடு கிட்டத்தட்ட இலவசமாகவே கிடைக்கிறது. 1970-களின் இறுதியில் நார்வேயின் ட்ரொன்ஹைம் நகரில் லிவ் ஹாட்லே என்ற இதய மருத்துவரும் பியோர்ன் ஆங்கெல்சன் என்ற பொறியாளரும் சேர்ந்து, ஓடும் திரவத்தின் வேகத்தையும் அழுத்தத்தையும் இணைக்கும் பெர்னூலி சமன்பாட்டைச் சுருக்கி, வேகத்தின் வர்க்கத்தை நான்கால் பெருக்கினால் போதும் என்று நோயாளிகளிடம் காட்டினார்கள். வேகம் 4 மீட்டர் என்றால் உச்ச அழுத்த வேறுபாடு 64 மி.மீ. பாதரசம். அதுவரை தொடை வழியாக வடிகுழாயை இதயம் வரை ஏற்றித்தான் இதைத் தெரிந்துகொள்ள முடிந்தது. மருத்துவத்தில் ஒரு வரிச் சூத்திரம் இவ்வளவு பேரை வடிகுழாயிலிருந்து காப்பாற்றிய வேறு சந்தர்ப்பம் எனக்குச் சட்டென்று நினைவுக்கு வரவில்லை. இதற்கும் ஒரு எல்லை உண்டு: மேலேறு பெருந்தமனி 3 செ.மீ.க்கும் குறுகலாக இருப்பவர்களுக்கு, வால்வைத் தாண்டிய பிறகு அழுத்தத்தில் ஒரு பகுதி திரும்பக் கிடைத்துவிடும், அதனால் எக்கோ சொல்லும் வேறுபாடு வடிகுழாய் சொல்வதைவிடக் கூடுதலாக இருக்கும்.

சரி, வேகம் கிடைத்தது. கொள்ளளவு வேண்டுமென்றால்? இங்கேதான் எக்கோவின் பலவீனம் இருக்கிறது. கொள்ளளவு என்பது குறுக்குப் பரப்பும் ரத்தம் ஒரு துடிப்பில் கடந்த தூரமும் பெருக்கினால் வருவது. தூரம் டாப்ளரிலிருந்து நன்றாகவே கிடைக்கும். பரப்புக்கு, வால்வுக்குச் சற்றுக் கீழே இடது கீழறையின் வெளியேறும் பாதையில் ஒரே ஒரு விட்டத்தை அளந்து, அது வட்டம் என்று வைத்துக்கொண்டு, விட்டத்தை வர்க்கப்படுத்துகிறார்கள். ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். உடல் பரப்பு 1.6 சதுர மீட்டர் உள்ள ஒரு பெண்மணி, வெளியேறும் பாதையில் ரத்தம் துடிப்புக்கு 19 செ.மீ. கடக்கிறது, சுருங்கிய வால்வின் ஊடே 58 செ.மீ. கடக்கிறது. எக்கோ எடுப்பவர் விட்டத்தை 2.0 செ.மீ. என்று குறித்தால் பரப்பு 3.14, துடிப்புக்கு 60 மி.லி., வால்வுத் திறப்பு 1.03 சதுர செ.மீ. அதே விட்டத்தை 1.8 என்று குறித்தால் பரப்பு 2.54, துடிப்புக்கு 48 மி.லி., வால்வுத் திறப்பு 0.83. வித்தியாசம் 2 மில்லிமீட்டர், திரையில் கர்சரை ஒரு பொட்டு நகர்த்தியதுதான். முதல் கணக்கில் இவருக்கு மிதமான சுருக்கம், ரத்த ஓட்டமும் இயல்பு. இரண்டாவது கணக்கில் கடுமையான சுருக்கம் (எல்லை 1.0), அதோடு ஓட்டமும் குறைவு, ஏனென்றால் உடல் பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு 35 மி.லி.க்குக் கீழே போய்விட்டது. ஒருவரை ஆபரேஷனுக்கு அனுப்புவதா வேண்டாமா என்ற பேச்சு இந்த 2 மில்லிமீட்டரில் தொங்குகிறது. சும்மா பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, எக்கோ படிக்கும் எல்லோருக்கும் தெரிந்த பிரச்சினை இது.

அதுவும் போதாதென்று, அந்தப் பாதை பலருக்கு வட்டமே இல்லை. சி.டி. வந்து முப்பரிமாணத்தில் காட்டிய பிறகு, அது நீள்வட்டம் என்பதும், எக்கோ அளப்பது பெரும்பாலும் குறுகிய விட்டத்தை என்பதும் தெளிவாயிற்று. ஆகவே எக்கோ கொள்ளளவைச் சராசரியாகக் குறைத்தே சொல்கிறது. இதைச் சுற்றிப் போக ஒரு வழி, விட்டத்தையே கணக்கிலிருந்து எடுத்துவிட்டு இரண்டு தூரங்களின் விகிதத்தை மட்டும் பார்ப்பது: 19-ஐ 58-ஆல் வகுத்தால் 0.33. இது 0.25-க்குக் கீழே போனால் கடுமையானது என்பார்கள். என் பார்வையில் இந்த விகிதத்துக்கு ரிப்போர்ட்டுகளில் கிடைக்கும் இடம் மிகக் குறைவு. அது இருந்தால் முதல் ஆளாக அதைத்தான் பார்க்க வேண்டும்.

இப்போது எம்.ஆர்.ஐ. இதற்குக் கோணச் சிக்கலும் வட்ட ஊகமும் இல்லை, அதுதான் இதன் பெரிய பலம். காந்தப்புலத்தில் இருக்கும் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் சுழல்கின்றன. புலத்தை ஒரு திசையில் சிறிது சாய்த்து, உடனே அதே அளவுக்கு எதிர்த்திசையில் சாய்த்தால், அசையாமல் இருக்கும் திசுவுக்கு இரண்டும் ஒன்றையொன்று ரத்து செய்துவிடும், சுழற்சியில் அது தொடங்கிய கட்டத்திலேயே நிற்கும். நடுவில் இடம் மாறிய ரத்தத்துக்கு ரத்து ஆகாது, அதன் கட்டம் வேகத்துக்கு ஏற்ப விலகி நிற்கும். இந்த விலகலைப் படத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் படித்தால், பெருந்தமனியின் குறுக்குவெட்டு முழுவதிலும் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு வேகம் கிடைக்கிறது. தமனியின் ஓரத்தைச் சுற்றி ஒரு கோடு வரைந்து உள்ளே இருக்கும் எல்லாப் புள்ளிகளையும் கூட்டினால், வினாடிக்கு இத்தனை மி.லி. என்று நேராக வந்துவிடும். வட்டமா நீள்வட்டமா என்ற கேள்விக்கே இடமில்லை, இருக்கிற வடிவத்தை அப்படியே எடுத்துக்கொள்கிறது.

இதற்கு முன்னதாக டெக்னீஷியன் ஒரு எண்ணைக் கொடுக்க வேண்டும். எந்த வேகத்தில் கட்டம் 180 டிகிரி விலக வேண்டும் என்ற எண், ரேடியாலஜியில் 'வென்க்' என்பார்கள். அதை வினாடிக்கு 150 செ.மீ. என்று வைத்திருக்கும்போது ரத்தம் 120 செ.மீ. வேகத்தில் போனால் விலகல் 144 டிகிரி, எல்லாம் ஒழுங்கு. ரத்தம் 180 செ.மீ. வேகத்தில் போனால் விலகல் 216 டிகிரி, ஆனால் கருவிக்கு 216-ம் எதிர்த்திசையில் 144-ம் ஒன்றுதான், ஆகவே அது 'பின்னோக்கி 120 செ.மீ.' என்று எழுதிவிடும். படத்தில் பார்த்தால் வெள்ளையாக இருக்கும் தாரையின் நட்டநடுவில், வேகம் அதிகமான இடத்தில், கரி போல ஒரு கருப்புத் திட்டு தெரியும். கண்ணில் பட்டால் எண்ணைக் கூட்டி மறுபடி எடுத்துவிடலாம். சரி, முதலிலேயே 400 என்று வைத்துவிட்டால் என்ன? வைத்தால் இரைச்சல் அதே விகிதத்தில் கூடும், மெதுவாக ஓடும் ரத்தமெல்லாம் அந்த இரைச்சலில் மூழ்கிவிடும். கசிவு என்பது பெரும்பாலும் மெதுவான, நீண்ட பின்னோட்டம், ஆகவே முதலில் பாதிக்கப்படுவது அதுதான்.

எம்.ஆர்.ஐ. பற்றி எழுதுகிறவர்கள் பலர் இதைத் 'தங்கத் தரம்' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். நான் அப்படி விட மாட்டேன், ஏனென்றால் இதற்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு பிழை இருக்கிறது. காந்தப்புலத்தைச் சட்சட்டென்று மாற்றும்போது கருவியின் உலோகப் பகுதிகளில் சுழல் மின்னோட்டங்கள் எழுகின்றன, அவை அசையாத இடத்துக்கும் ஒரு சிறு பொய் வேகத்தைக் கொடுத்துவிடும். வினாடிக்கு 0.6 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள், உச்ச வேகத்தோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லாத அளவு. ஆனால் அது ஒவ்வொரு புள்ளியிலும், துடிப்பு முழுக்க, நிற்காமல் கூடிக்கொண்டே இருக்கிறது. 3 செ.மீ. விட்டமுள்ள பெருந்தமனியில் அது நிமிடத்துக்குக் கால் லிட்டர், அதாவது மொத்த ஓட்டத்தில் 5 சதவீதம். 4.5 செ.மீ. வரை வீங்கிய பெருந்தமனியில் வினாடிக்கு ஏறக்குறைய 9.5 மி.லி. வால்வு கசியும் பலருக்குப் பெருந்தமனியும் இப்படி வீங்கியிருக்கும். அப்படிப்பட்ட ஒருவருக்கு நிமிடத்துக்கு 60 துடிப்பு, முன்னே போவது 90 மி.லி., திரும்பி வருவது 27, அதாவது உண்மையான கசிவு 30 சதவீதம். அந்தப் பொய் வேகம் பின்னோக்கி இருந்தால் முன்னோட்டம் 87 ஆகவும் பின்னோட்டம் 33 ஆகவும் பதிவாகி, கசிவு 38 சதவீதம் என்று வரும். அதுவே முன்னோக்கி இருந்தால் 93-க்கு 21, வெறும் 22 சதவீதம். ஒரே ஆள், ஒரே இதயம்.

இதைச் சரிசெய்ய முடியும். ஆளை வெளியே அனுப்பிவிட்டு, அசையாத ஜெல்லோ நீரோ நிரப்பிய ஒரு பெரிய பாட்டிலை அதே இடத்தில் வைத்து, ஓர் அமைப்பையும் மாற்றாமல் மறுபடி ஸ்கேன் எடுத்து, அதில் தெரியும் பொய் வேகத்தைக் கழித்துவிடலாம். நேரம் இல்லாதவர்கள் மார்புச் சுவர் போன்ற அசையாத திசுவை வைத்து மென்பொருளால் திருத்துகிறார்கள், அது சில சமயம் சரிசெய்கிறது, சில சமயம் கெடுக்கவும் செய்கிறது. கைவசம் இன்னொரு சோதனையும் உண்டு: இதயத்தில் ஓட்டை இல்லாத, கசிவு இல்லாத ஒருவருக்குப் பெருந்தமனியில் போவதும் நுரையீரல் தமனியில் போவதும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டையும் எடுத்து ஒப்பிட்டால் கருவி பொய் சொல்கிறதா என்று தெரிந்துவிடும்.

மற்றக் குறைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எம்.ஆர்.ஐ. ஒரு படத்தைப் பல துடிப்புகளிலிருந்து துண்டு துண்டாகச் சேர்த்துக் கட்டுகிறது, அதனால் துடிப்பு ஒழுங்கில்லாதவருக்கு எல்லாம் கலங்கிப்போகும், எக்கோவோ துடிப்புக்குத் துடிப்பு தனித்தனியாகப் பார்க்கும். குறுகிய, வேகமான தாரையில் எம்.ஆர்.ஐ. தடுமாறும், ஏனென்றால் ஒரு புள்ளி என்பது ஒன்றரை இரண்டு மில்லிமீட்டர், அதற்குள் வேகமானதும் மெதுவானதும் கலந்து சராசரியாகிவிடும், ஆகவே உச்ச வேகம் குறைந்துதான் தெரியும். குறுக்குவெட்டை எந்த உயரத்தில் எடுக்கிறோம் என்பதும் முக்கியம், வால்வை விட்டு மேலே போகப் போக கசிவு குறைந்து தெரியும், காரணம் நடுவில் இருக்கும் தமனிச் சுவரின் மீள்தன்மையும் இதயத் தசைக்குப் போகும் ரத்தமும் கணக்கில் கலந்துவிடும்.

வடிகுழாய் முறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1970-இல் ஸ்வானும் கான்ஸும் அறிமுகப்படுத்திய வடிகுழாயால் குளிர்ந்த திரவத்தை வலது இதயத்துக்குள் செலுத்தி, நுரையீரல் தமனியில் வெப்பம் எப்படி மாறுகிறது என்று பார்த்து மொத்த ஓட்டத்தைக் கணக்கிடும் வழக்கம் பரவியது, ஐ.சி.யு.வில் இன்றும் அதற்குப் பயன் உண்டு. ஆனால் அது சொல்வது உடலுக்குப் போய்ச் சேர்ந்த நிகர ஓட்டத்தை. பெருந்தமனி வால்வில் 40 மி.லி. முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தால் அது இந்தக் கணக்கில் எங்குமே வராது.

இனி முதலில் சொன்ன கசிவுக்கு வருவோம். எக்கோவில் கசிவைக் கணிப்பவர் ஒரே எண்ணை நம்புவதில்லை. எக்கோ திரையில் நிறமாகத் தெரியும் கசிவுத் தாரையின் கழுத்து எவ்வளவு அகலம் (6 மி.மீ.க்கு மேல் கடுமை), கசிவின் வேகம் எவ்வளவு விரைவாகத் தளர்கிறது, கீழிறங்கு பெருந்தமனியில் இதயம் ஓய்வெடுக்கும் நேரம் முழுக்க ரத்தம் மேல்நோக்கித் திரும்புகிறதா, இப்படிப் பல தடயங்களைச் சேர்த்து ஒரு தரம் சொல்கிறார். எண்ணாகச் சொன்னால், துடிப்புக்கு 60 மி.லி. அல்லது 50 சதவீதம் என்பது எக்கோவில் 'கடுமை'க்கான எல்லை. எம்.ஆர்.ஐ.க்கு இதே 50-ஐ வைத்துக்கொண்டு படித்தால் தவறாகிவிடும். 2012-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, எம்.ஆர்.ஐ.யில் கசிவு 33 சதவீதத்தைத் தாண்டியவர்களில் பெரும்பாலோருக்கு அடுத்த சில ஆண்டுகளில் ஆபரேஷன் தேவைப்பட்டது என்றும், அதற்குக் கீழே இருந்தவர்களில் மிகச் சிலருக்கே தேவைப்பட்டது என்றும் காட்டியது. ஆக, எக்கோ 'கடுமை' என்றும் எம்.ஆர்.ஐ. '36 சதவீதம்' என்றும் சொன்னால், பழைய அளவுகோலில் அவை முரண், புதிய அளவுகோலில் இரண்டும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கின்றன. 30 சதவீதம் என்றால் உண்மையிலேயே எல்லையில் நிற்கிறது. அப்போது பொய் வேகத்தைத் திருத்தினார்களா, குறுக்குவெட்டு எங்கே எடுத்தார்கள் என்று கேட்டுத்தான் ஆக வேண்டும். கசிவின் அளவுக்கு எம்.ஆர்.ஐ.தான் மேல் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை, ஆனால் கவனமாக எடுத்த எம்.ஆர்.ஐ. என்று சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சுருக்கத்தில் நிலைமை தலைகீழ். அங்கே முக்கியமானது உச்ச வேகம், அதில் எக்கோவை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. எக்கோவுக்குள்ளேயே எண்கள் ஒத்துப்போகாதபோது, மேலே பார்த்த பெண்மணியின் விஷயம் மாதிரி, கை கொடுப்பது சி.டி. சி.டி. ஓட்டத்தை அளக்காது, ஆனால் வால்வில் எவ்வளவு சுண்ணாம்பு படிந்திருக்கிறது என்று சாயம் ஏற்றாமலேயே எண்ணிச் சொல்லும். பெண்களுக்கு 1,200, ஆண்களுக்கு 2,000 என்ற மதிப்பைத் தாண்டினால் சுருக்கம் கடுமையாக இருக்க வாய்ப்பு அதிகம். ஓட்டத்தைச் சார்ந்திருக்காத சான்று என்பதுதான் இதன் மதிப்பு. நம் நாட்டில் இன்னும் வாதக் காய்ச்சலால் வால்வு கெட்டவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு இதழ்கள் ஒட்டிக்கொண்டு சுருங்குவதால் சுண்ணாம்புக் கணக்கு அதே மாதிரி பொருந்தாது, அங்கே எக்கோவைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும்.

அப்புறம் 4டி ஃப்ளோ என்ற எம்.ஆர்.ஐ. முறை. ஒரு குறுக்குவெட்டில் ஒரு திசை வேகம் என்பதற்குப் பதில், மார்பின் முழுக் கனத்திலும் மூன்று திசை வேகங்களையும், துடிப்பு நேரம் முழுக்க எடுப்பது. பொதுவாக ஐந்து முதல் பதினைந்து நிமிடம், மூச்சைப் பிடிக்க வேண்டாம். எடுத்து முடித்துவிட்டு, ஆள் வீட்டுக்குப் போன பிறகும்கூட எந்த இடத்தில் வேண்டுமானாலும் குறுக்குவெட்டு போட்டு ஓட்டத்தைக் கணக்கிடலாம். எப்படி எடுப்பது, எப்படிப் படிப்பது என்று 2015-இல் ஒரு பன்னாட்டுக் கருத்தொற்றுமை அறிக்கை வந்தது, 2023-இல் அதைப் புதுப்பித்தார்கள்.

இதன் உண்மையான அழகு திசையில் இருக்கிறது. நூற்றுக்கு ஒருவர் இருவருக்குப் பெருந்தமனி வால்வில் மூன்று இதழ்களுக்குப் பதில் இரண்டே இதழ்கள் இருக்கும். அவர்களில் பலருக்குச் சுருக்கமும் இல்லாமல், கசிவும் இல்லாமல், எக்கோவில் எண்கள் எல்லாம் இயல்பாக இருக்கும்போதே, ரத்தம் நடுவில் போகாமல் ஒரு பக்கச் சுவரில் மோதி, சுருளாகச் சுற்றிக்கொண்டு ஏறுவது 4டி ஃப்ளோவில் வெட்ட வெளிச்சமாகத் தெரிகிறது. எந்த இரண்டு இதழ்கள் ஒட்டியிருக்கின்றன என்பதைப் பொறுத்து மோதும் இடமும் மாறுகிறது. 2015-இல் வந்த ஓர் ஆய்வில், இப்படிப்பட்டவர்களிடமிருந்து ஆபரேஷனில் வெட்டியெடுத்த தமனிச் சுவரைப் பார்த்தபோது, ரத்தம் சுவரை உரசும் உராய்வு விசை அதிகமென்று ஸ்கேன் காட்டிய இடங்களில் மீள்நார்கள் அதிகம் சிதைந்திருந்தன. பெருந்தமனி ஏன் வீங்குகிறது என்பதற்கு மரபணு மட்டும் காரணமா, ஓட்டமும் காரணமா என்ற நீண்ட விவாதத்தில் அது கனமான சான்று. ஆனாலும் இன்றைக்கு ஆபரேஷன் முடிவு பெரும்பாலும் விட்டத்தை வைத்தே நடக்கிறது, 5 முதல் 5.5 செ.மீ. என்ற எல்லையில். உராய்வு விசையின் எண்ணை வைத்து யாரையும் ஆபரேஷன் மேசைக்கு அனுப்பக் கூடாது என்பதே என் கருத்து, ஏனென்றால் சுவரை ஒட்டிய வேகத்தை இரண்டு மில்லிமீட்டர் புள்ளிகளால் சரியாகப் பிடிக்க முடியாது, கிடைக்கும் எண் உண்மையைவிடக் குறைவாகவும், கருவிக்குக் கருவி வேறாகவும் இருக்கும்.

எம்.ஆர்.ஐ. எனக்கு மிகவும் பிடித்த விதத்தில் வேலை செய்யும் இடம் வேறொன்று. பெருந்தமனி கீழே திரும்பும் இடத்தில் பிறவியிலேயே இறுக்கம் இருக்கும் குழந்தைகள், இளைஞர்கள். இங்கே எக்கோவால் இறுக்கத்தின் வேகத்தை அளக்க முடியும், ஆனால் ரத்தம் விலா எலும்புகளுக்கு இடையே ஓடும் கிளைகள் வழியாகச் சுற்றுப்பாதை போட்டுக்கொண்டால் இறுக்கத்தின் ஊடே போவது குறைந்து, வேகமும் குறைந்து, நோய் லேசானது போலத் தெரியும். எம்.ஆர்.ஐ.யில் இரண்டு இடங்களில் அளக்கிறார்கள், இறுக்கத்துக்குச் சற்றுக் கீழே ஒன்று, உதரவிதானத்துக்கு அருகே ஒன்று. இயல்பான ஆளுக்கு, வழியில் கிளைகள் பிரிந்து போவதால், கீழே ஓட்டம் சற்றுக் குறைந்திருக்க வேண்டும். இறுக்கம் பெரிதென்றால் அந்தக் கிளைகளிலேயே ரத்தம் தலைகீழாகத் திரும்பி வந்து பெருந்தமனியில் சேருகிறது, ஆகவே கீழே ஓட்டம் கூடியிருக்கும். கூடிய அளவுதான் சுற்றுப்பாதையின் அளவு. சிறு பொய் வேகம் இரண்டு இடத்திலும் இருந்தாலும், வித்தியாசம் பெரிதாக இருக்கும்போது பதில் மாறாது.

நடைமுறையில் எல்லோருக்கும் எல்லா ஸ்கேனும் கிடைக்காது. கார்டியாக் எம்.ஆர்.ஐ. எடுத்துப் படிக்கத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் பெரிய நகரங்களில்தான் இருக்கிறார்கள், பழைய பேஸ்மேக்கர் இருப்பவருக்கும் குறுகிய குழாய்க்குள் படுக்கப் பயப்படுபவருக்கும் அது இன்னும் தூரம். அதனால் வருடா வருடம் தொடர்ந்து பார்ப்பதற்கு எக்கோதான், அதில் தவறொன்றும் இல்லை, ஒரே இடத்தில், முடிந்தால் ஒரே ஆள் எடுத்தால். போன வருட ரிப்போர்ட்டையும் இந்த வருட ரிப்போர்ட்டையும் ஒப்பிடும்போது வால்வுத் திறப்பு 1.03-லிருந்து 0.83-க்கு இறங்கியிருந்தால், அடுத்த வரிக்குப் போகும் முன் வெளியேறும் பாதையின் விட்டம் என்ற வரியைத் தேடிப் பாருங்கள். அங்கே 2.0 என்பது 1.8 ஆகியிருந்து, உச்ச வேகமும் விகிதமும் அப்படியே இருந்தால், அந்த வித்தியாசத்தை டாக்டரிடம் விரல் வைத்துக் காட்டி, விட்டத்தை மறுபடி அளக்கச் சொல்லிக் கேளுங்கள்.